ஒத்தாசை

பசுவந்தனைக்குக் கிழக்கே உள்ள அந்தச் சின்ன ஊரில் முஸ்லிம் வீடுகள் மொத்தம் ஒன்பது. ஓடு வேய்ந்த பள்ளிவாசல் உண்டு. அடக்கம் செய்ய மையவாடி உண்டு. இறந்தவர் உடலை, மய்யித்தை, வைத்துத் தூக்கிப்போகிற சந்தூக்கும் உண்டு. பெண்கள் யாராவது மௌத்தாகிவிட்டால் குளிப்பாட்டத்தான் ஆள் கிடையாது. நாகலாபுரத்திலிருந்து சைத்தூன் பெரியம்மாவைக் கூட்டிவர வேண்டும்.

பெரியம்மாவின் கைவேலையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆட்டோவை விட்டு இறங்கும்போதே முந்தானையை இடுப்பில் செருகிவிடுவார். தண்ணீர் எங்கே, துணி எங்கே, இலந்தை இலை பறித்தாச்சா என்று அவர் போடுகிற அதட்டலில், அழுதுகொண்டிருக்கிற வீடு வேலை பார்க்கிற வீடாக மாறிவிடும். குறையெல்லாம் வாயில்தான். குளிப்பாட்டுகிறவர் கண்ணில் பட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது மார்க்கம். அது பெரியம்மாவுக்குத் தெரியாததல்ல. ஆனால் வேலை முடிந்து வெளியே வந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டால் அவருக்கு மறந்துபோகும். இன்னாருடைய மருமகளுக்கு முதுகில் சூடு போட்ட தழும்பு இருந்தது, இன்னாருக்கு வயிறு இரண்டாக மடிந்து கிடந்தது என்று ஒவ்வொன்றாக வரும். இறந்தவர்கள் எழுந்து வந்து மறுத்துப் பேசவா போகிறார்கள்? அந்தப் பக்கத்துப் பெண்கள் சாவுக்குப் பயந்தார்களோ இல்லையோ, சைத்தூன் பெரியம்மாவுக்குப் பயந்தார்கள்.

ஜன்னதுல் பிர்தௌஸ் எல்லோரையும்விட அதிகமாகப் பயந்தாள். அவளுக்கு வயது முப்பத்தெட்டு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் வைத்து இடது மார்பை எடுத்துவிட்டார்கள். ஊருக்குச் சொன்னது வயிற்றில் கட்டி என்று. கட்டுப் பிரித்த அன்று அவள் கணவர் பக்கத்தில் இருந்தார். பார்த்தார்; பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த மாதமே, கவனித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அண்ணன் ஜாபர் அலி வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போனவர்தான். கொஞ்ச நாள் போன் வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

ஜாபர் அலி மொபெட்டில் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கிறவர். அவர் மனைவி ரசியா தையல்காரி. புதியம்புத்தூரிலிருந்து வேனில் வெட்டுத் துணிக் கட்டுகள் வரும்; ரசியா வீட்டிலிருந்தே நைட்டியாகத் தைத்துக் கொடுப்பாள். நாத்தனாருக்காக மிச்சத் துணியில் இலவம்பஞ்சு வைத்து ஒரு பாடி தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு ஜன்னத் கோவில்பட்டி பஜார்வரை நிமிர்ந்து நடந்து போய்வந்தாள். யாருக்கும் எதுவும் தெரியாது.

ஐப்பசியில் நோய் எலும்புக்குப் போய்விட்டது. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மூன்று மாதம், மிஞ்சினால் நான்கு.

கார்த்திகையில் ஒரு நாள் விடாத மழை. கரிசல் மண் சக்கரத்தில் அப்பி மொபெட் நகராததால் ஜாபர் அலிகூட வியாபாரத்துக்குப் போகாமல் பள்ளிவாசலில் உட்கார்ந்திருந்தார். ரசியா மிஷினில் இருந்தாள். கட்டிலில் உளுந்தங்கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், ஜன்னத் கூப்பிட்டாள்.

"மைனி, மிஷினை நிறுத்துங்க. ஒண்ணு சொல்லணும்."

"ஓடும்போதும் காது கேக்கும். சொல்லு."

"நான் மௌத்தானா என்னை நீங்கதான் குளிப்பாட்டணும்."

மிஷின் நின்றது. நைட்டியின் கழுத்துத் தையல் கோணலாகப் போயிருந்தது.

"கஞ்சியைக் குடிட்டி முதல்ல" என்றாள் ரசியா.

"குடிக்கேன். நீங்க சொல்லுங்க."

"கோவில்பட்டி ஆசிபா இருக்கால்லா. அவகிட்டச் சொல்லி வைப்போம். நல்ல பிள்ளை. வாய் திறக்க மாட்டா."

"கேட்டுட்டேன். தையில அவ மாப்பிள்ளைகூட மஸ்கட் போறாளாம். நான் தைக்கு முன்னாலயே போயிரணும்னு சொல்லுதீங்களா?"

"அப்படி எங்கட்டி சொன்னேன்." ரசியா கட்டில் பக்கம் திரும்பினாள். "வேற என்ன வேணும்னாலும் சொல்லு. பீ மூத்திரம் அள்ளுதேன். உன் காலடியிலயே கிடக்கேன். இது மட்டும் என்னால ஆகாது. உனக்கே தெரியும்."

"உசுரோட இருக்கும்போது பாக்கதை யாரும் பாப்பாங்க, மைனி. அதுக்கு அப்புறம்தான் எனக்கு ஆள் வேணும்."

ரசியாவைப் பற்றி அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒன்பது வயதில் அவளுடைய தாய் இறந்தபோது, காலைத் தொட்டு மாப்புக் கேளு என்று பெண்கள் அவளைப் பிடித்துத் தள்ளினார்கள். தொட்டாள். அந்தக் குளிர்ச்சி கையை விட்டுப் போகவே இல்லை என்பாள். அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் அவள் வாசலைத் தாண்டியதில்லை. மாமியார் மௌத்தான அன்றைக்குச் சமையல்கட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று கிலோ சின்ன வெங்காயம் உரித்தாள். மய்யித்து வீட்டில் அன்றைக்கு அடுப்பே எரியாது. பக்கத்து வீடுகளிலிருந்துதான் சாப்பாடு வரும். அந்த வெங்காயத்தை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. சொந்தக்காரர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"சைத்தூன் பெரியம்மா கை மட்டும் என் மேல படக் கூடாது" என்றாள் ஜன்னத். "பட்டா மறுநாள் விளாத்திகுளம் வரைக்கும் தெரிஞ்சிரும். அவரு காதுக்கும் போகும். ஓகோ, ஊருக்கே காட்டிட்டுப் போனாளான்னு நினைப்பாரு."

"அவரு நினைச்சா என்னட்டி இப்ப?"

"எனக்கு என்னமோ பண்ணுது மைனி."

பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு ரசியா கோணல் தையலைப் பிரிக்கத் தொடங்கினாள். பார்க்கலாம் என்றால் முடியாது என்று அர்த்தம். ஜன்னத் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆசிபா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். இருபத்தேழு வயது. ஸ்கேன் சென்டரில் வேலை. கொரோனா சமயத்தில் பெற்ற பிள்ளைகளே மய்யித்தைத் தொடப் பயந்து ஒதுங்கி நின்றபோது, துணிந்து இறங்கிக் குளிப்பாட்டப் பழகிக்கொண்டவள். கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை ஜன்னத் கையில் கொடுத்துவிட்டு, காலேஜில் பாடம் எடுக்கிற மாதிரி தொடங்கிவிட்டாள்.

"முதல்ல துணியைப் போர்த்தணும்க்கா. கழுத்துல இருந்து முழங்காலுக்குக் கீழ வரைக்கும். அந்தத் துணி கடைசி வரைக்கும் விலகக் கூடாது. கை மட்டும்தான் உள்ள போகும். கண்ணு போகக் கூடாது."

"அப்ப பாக்கவே வேண்டாமா?"

"பாக்கவே வேண்டாம். கையிலயும் துணி சுத்திக்கிடணும்."

ரசியாவுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. ஜன்னத் கட்டிலில் நீட்டிப் படுத்தாள். "இப்ப நான் மய்யித்து, பேச மாட்டேன்" என்று கண்ணை மூடி, வாயை லேசாகத் திறந்து, தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். விளையாட்டுக்காகத்தான் செய்தாள். ஆனால் கீமோவில் முடி கொட்டிப்போன அந்தத் தலையும், கன்னம் ஒட்டிய அந்த முகமும் நிஜமாகவே அப்படி இருந்தன. ரசியா கை, முகம், கால் கழுவி ஒளு செய்வித்துப் பழகுவதற்காகக் காலைத் தொட்டாள். மழைக்காலம், உடம்பில் ரத்தமும் இல்லை. கால் சில்லென்று இருந்தது.

பின்வாசல் வழியாக ஓடியவள் முருங்கை மரத்தடியில் போய் வாந்தியெடுத்தாள். அதற்குப் பிறகு அன்று வீட்டுக்குள் வரவில்லை. ஆசிபா காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

சாயங்காலம் ஜாபர் அலி வந்தபோதும் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள்.

"பெரியம்மாவே வந்துட்டுப் போகட்டும், ரசியா" என்றார் அவர். "மௌத்தானதுக்கு அப்புறம் யாரு பாத்தா என்ன, யாரு என்ன சொன்னா என்ன. அவளுக்குக் கேக்கவா போகுது?"

அதைக் கேட்டதும் ரசியாவுக்குப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. இறங்கிய அந்த நிமிஷமே தன் மேல் வெறுப்பும் வந்தது. "நீங்க பேசாம இருங்க" என்று புருஷனிடம்தான் கோபத்தைக் காட்ட முடிந்தது. "உங்க கூடப்பிறந்தவ ஒண்ணே ஒண்ணு கேக்கா. அதுவும் எங்கிட்டக் கேக்கா. உலகத்துல வேற ஆளா இல்ல, எங்கிட்டப் போயிக் கேக்கா."

ஜாபர் அலி மொபெட் சக்கரத்தில் ஒட்டியிருந்த கரிசலைக் குச்சியால் சுரண்டினார்.

வழி கண்டுபிடித்தது ஜன்னத்தான். "தப்பு என் மேலதான் மைனி" என்றாள் மறுநாள். "எடுத்த எடுப்புலயே பேசாமக் கிடந்துட்டேன். இனிமே பேசிக்கிட்டே இருக்கேன். பேசுத மய்யித்தைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?"

பயப்படத்தான் செய்வார்கள் என்று ரசியா சொல்லவில்லை. வெந்நீரும் துணியும் எடுத்துவந்தாள். வெட்டுத் துணியில் கைக்கு உறை மாதிரி ஒன்று தைத்து வைத்திருந்தாள். ஜன்னத் சொன்னபடியே பேசினாள். பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குப் பேர் வைத்தது, கல்யாணத்தன்று பிரியாணிக்கு உப்புப் போட மறந்தது, சைத்தூன் பெரியம்மா ஒரு தடவை ஆட்டோவிலேயே செருப்பை விட்டுவிட்டு இறங்கியது. முகம், வலது கை, வலது பக்கம், இடது பக்கம் என்று ரசியாவின் கை போய்க்கொண்டே இருந்தது. இடது பக்கம் துணிக்கு அடியில் ஒன்றுமில்லாத அந்த இடத்தில் கை வந்ததும் பேச்சு ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தது.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை ஜன்னத் சொன்னாள். "இன்னைக்கு வலது பக்கம் முடியுத வரைக்கும் பேச மாட்டேன். பயமா இருந்தா தட்டுங்க, பேசுதேன்."

ரசியா இரண்டு தடவை தட்டினாள். அதற்கடுத்த வாரம் ஒரு தடவை. மார்கழி முடிவதற்குள் இரண்டு பக்கமும் தட்டாமல் முடிக்க வந்துவிட்டது. ஜன்னத் பேசாத இடங்களில் ரசியா தானே பேசிக்கொண்டாள். புதியம்புத்தூர்க்காரன் கழுத்துக்கு வைத்து அனுப்புகிற லேஸ் மட்டம், எத்தனை சொன்னாலும் கேட்கமாட்டேன் என்கிறான் என்பது மாதிரி எதையாவது.

பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் வெந்நீர் வைக்கும்போதே அந்தப் பழைய குளிர்ச்சி கைக்கு வரும். பயந்துகொண்டேதான் செய்தாள்.

மஸ்கட்டுக்குப் புறப்படுவதற்கு முன்னால் ஆசிபா கடைசியாக ஒரு நாள் வந்தாள். ரசியா ஜன்னத்தைப் புரட்டிப் படுக்கவைப்பதைப் பார்த்துவிட்டு, "இங்கனதான் தப்பு" என்றாள். "நீங்க தள்ளும்போது அவங்க தோளு தானா எழும்புது பாருங்க. உசுரு இருக்க உடம்பு தன்னால ஒத்தாசை பண்ணும்க்கா. மய்யித்து பண்ணாது. ஜன்னத் லாத்தா, தோளை விடுங்க."

"விட்டுட்டுத்தான்டி கிடக்கேன்."

"விடல. கழுத்தையும் பிடிச்சிருக்கீங்க."

ஜன்னத் எத்தனை முயன்றும் உடம்பு கேட்கவில்லை. ரசியா கை வைத்ததும் அது தானாக ஒரு இம்மி எழும்பியது. "ஒத்தாசை பண்ணாதட்டி" என்று ரசியா கெஞ்சினாள். "நான் எங்க பண்ணுதேன், அது பண்ணுது" என்றாள் ஜன்னத். மூன்று பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

"தண்ணி எடுத்துக் கொடுக்கவும் புரட்டவும் இன்னும் ஒரு ஆள் வேணும்க்கா" என்றாள் ஆசிபா போகும்போது.

"நான் பாத்துக்கிடுதேன்" என்றாள் ரசியா. ஒன்பது வீட்டில் யாரைக் கூப்பிடுவது? எல்லோருக்கும் வாய் இருந்தது.

மய்யித்துக்குச் சுற்றுகிற கபன் துணி வாங்கிவந்த அன்று நடந்ததையும் சொல்ல வேண்டும். தான் இருக்கும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும் என்று ஜன்னத்துக்கு ஆசை. பெண்களுக்கு ஐந்து துணி. சுற்றுத்துணி, சட்டை, முக்காடு, மார்த்துணி, மேல்போர்வை. எல்லாவற்றையும் ஆசிபா ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தாள். ரசியா தரையில் விரித்து, ஜன்னத்தின் உயரத்தை டேப்பில் அளந்து, கத்தரியை ஓடவிட்டாள். இந்த வேலையில் அவளுக்கு எந்தப் பயமும் இல்லை. அரை மணியில் ஐந்தையும் வெட்டி அடுக்கிவிட்டாள்.

ஜன்னத் சட்டைத் துணியை எடுத்துப் பார்த்தாள். சுற்றிலும் பென்சில் கோடு. கோட்டுக்கு வெளியே அரை இஞ்சு துணி. பக்கவாட்டில் முக்கோணமாகச் சின்னச் சின்ன வெட்டு அடையாளம்.

"இது என்ன மைனி, சுத்தி விட்டிருக்கீங்க?"

"தையலுக்கு" என்றாள் ரசியா.

சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கபனில் தையல் கிடையாது. ஊசி படாத துணி அது. இருபது வருஷப் பழக்கத்தில் கை தானாகத் தையலுக்கு விட்டிருந்தது.

"ஓவர்லாக்கும் அடிச்சுப் பட்டன் வச்சிருங்க" என்று ஜன்னத் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல், கடைசியில் தலையணையில் ரத்தப் பொட்டு விழுந்தது. ரசியா அந்த அரை இஞ்சை வெட்டி எடுக்கக் கத்தரியை நீட்டினாள். ஜன்னத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் மைனி. இடம் கொஞ்சம் தாராளமா இருக்கட்டும்."

தை பிறந்து வெயில் ஏறியது. உளுந்து பிடுங்கி முடித்த காடுகளில் கரிசல் வெடித்துக் கிடந்தது. ஜன்னத் கஞ்சியைக்கூட ஒரு மிடறுக்கு மேல் வேண்டாம் என்றாள். எலும்பில் வலி வந்தால் சத்தம் போடமாட்டாள். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வாள். ரசியா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். மாத்திரை கொடுப்பதைத் தவிர வேறு செய்ய ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. வெந்நீர், துணி, வலது பக்கம், இடது பக்கம்.

மாசி முதல் வெள்ளி. அன்று எல்லாம் சரியாக வந்தது. ஜன்னத் ஒரு சொல் பேசவில்லை. புரட்டும்போது தோள் எழும்பவில்லை, கழுத்து பிடிக்கவில்லை. ரசியா முதல் தடவையாக, ஆசிபா சொன்னபடியே, முழங்கையைக் கொடுத்துத் தனியாகப் புரட்டி முதுகைத் தேய்த்து முடித்தாள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

"நல்லாப் பழகிட்டட்டி நீயும். இன்னைக்குக் கொஞ்சம்கூட ஒத்தாசை பண்ணல பாரு."

ஜன்னத் கண்ணைத் திறந்தாள்.

"பண்ணத்தான் பாத்தேன் மைனி. வரல."

ரசியா கையில் வைத்திருந்த துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்தாள். தன் கை தேறியது எதனால் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு பழக்கம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து, காலை ஒன்பது மணிக்கு, தெரு முழுக்க மிளகாய் வத்தல் காய்ந்துகொண்டிருந்தபோது ஜன்னத் மௌத்தானாள். தண்ணீர் கேட்டாள். ரசியா கரண்டியில் கொடுத்தாள். இரண்டாவது கரண்டி கடைவாயில் வழிந்தது. அவ்வளவுதான்.

சைத்தூன் பெரியம்மாவுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சேதி தானாகப் போய்ச் சேர்ந்து, பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிட்டார். முந்தானை இடுப்பில் இருந்தது.

"தண்ணி காஞ்சாச்சா?"

"நான் குளிப்பாட்டுதேன் பெரியம்மா" என்றாள் ரசியா.

"நீயா? உன் மாமியார் மௌத்துக்கு வெங்காயம் உரிச்சவதானே நீ?"

"அவ சொல்லிட்டுப் போயிருக்கா. நான் பழகியிருக்கேன்."

"என்ன சொல்லிட்டுப் போனா? என்னைக் கூப்பிட வேண்டாம்னா?"

ரசியா துணி உறையைக் கையில் மாட்டிக்கொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது. பெரியம்மாவின் முகம் சுருங்கியது. நாற்பது வருஷமாக அவரை அப்படி யாரும் வாசலில் நிறுத்தியதில்லை. "சரிம்மா, உங்க வீட்டு மய்யித்து" என்று சொல்லிவிட்டு, பின்கட்டில் கட்டியிருந்த சேலை மறைப்புக்கு வெளியே, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொண்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் குடங்களில் தண்ணீரை மறைப்புவரை கொண்டுவந்து வைத்தார்கள். ஜாபர் அலி முள்ளில் கை கிழித்துக்கொண்டு பறித்துவந்த இலந்தை இலை வெந்நீரில் மிதந்தது.

ரசியா உள்ளே போனாள். துணியைப் போர்த்தினாள். காலைத் தொட்டாள். சில்லென்றுதான் இருந்தது. ஆனால் அது ஜன்னத்தின் கால். அவளுக்குத் தெரிந்த கால். முகம் கழுவினாள். கைகளைக் கழுவினாள். வலது பக்கம் தண்ணீர் ஊற்றி, உறை போட்ட கையைத் துணிக்குள் விட்டுத் தேய்த்தாள். இடது பக்கமும் முடித்தாள். கண் போகவில்லை. பேசுவதற்கு வாய் துடித்தது; பேசவில்லை.

பிறகு புரட்டுவதற்காக முழங்கையைக் கொடுத்தாள். உடம்பு அசையவில்லை.

இன்னொரு தடவை கொடுத்தாள். தோள் பாதி எழும்பிப் பலகையில் விழுந்தது. போர்த்திய துணி சரிந்தது. அவசரமாக இழுத்துவிட்டாள். மூன்றாவது தடவை தன் நெஞ்சையும் கொடுத்து முட்டுக்கொடுத்துப் பார்த்தாள். கஞ்சிகூடக் குடிக்காமல் வற்றிப்போன உடம்பு அது, அப்படிக் கனத்தது. வரவில்லை என்று அன்றைக்கு ஜன்னத் சொன்னாளே, அன்றைக்கும் கொஞ்சம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. மூச்சு இருந்தவரை அந்த உடம்பு தனக்கு உதவிக்கொண்டேதான் இருந்திருக்கிறது என்பது ரசியாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்தக் கனத்தை அவள் பழகவில்லை. பழகியிருக்கவும் முடியாது.

முதுகைத் தேய்க்காமல் அரைகுறையாக அனுப்பக் கூடாது. நேரம் போனது. வெளியே ஆண்கள் இருமுகிற சத்தம் கேட்டது. நாலு மாதமாக ஒரே ஒரு ஆளை உள்ளே விடாமல் இருக்கத்தான் இத்தனையும் செய்தது. ரசியா ஒரு துண்டை எடுத்து, போர்த்திய துணிக்கு மேலேயே ஜன்னத்தின் மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். கட்டிவிட்டு, "மாப்புக் கொடுட்டி" என்று அவள் காதில் சொன்னாள்.

"பெரியம்மா, கொஞ்சம் உள்ள வாங்க."

பெரியம்மா வந்தார். எதிர்ப்பக்கம் மண்டிபோட்டு, ஒரு கையைக் கழுத்துக்கு அடியிலும் ஒரு கையை இடது அக்குளுக்குக் கீழேயும் கொடுத்து, ஒரே மூச்சில் ஜன்னத்தைத் தன் பக்கம் சாய்த்துத் தாங்கிக்கொண்டார். அவருடைய உள்ளங்கை துண்டுக்கு மேல் அந்த இடத்தில் பதிந்திருந்தது. எத்தனை உடம்புகளைத் தொட்ட கை. அது ஒரு நொடி நகர்ந்து பார்த்தது. பிறகு நின்றது.

அவர் ரசியாவைப் பார்த்தார். சொல்லாதீங்க என்று கெஞ்சவேண்டும் என்று ரசியாவுக்குத் தோன்றியது. தண்ணீர்க் குவளையைத்தான் எடுக்க முடிந்தது.

"தண்ணியை ஊத்து. ஆறிப்போகுது" என்றார் பெரியம்மா.

மூன்று முறை ஊற்றி, கடைசித் தண்ணீருக்குக் கற்பூரம் கரைத்து, துவட்டி, கபனில் கிடத்தினார்கள். மார்த்துணியை ரசியா சுற்றப் போனபோது பெரியம்மா அவள் கையைத் தட்டிவிட்டார். துணியின் ஒரு ஓரத்தை எடுத்து நாலாக மடித்து இடது பக்கம் உள்ளே கொடுத்து, மேலே சுற்றித் தடவிச் சமன்படுத்தினார். "ஆளு கடைசியா முகம் பாக்க வருவாங்க" என்று மட்டும் சொன்னார்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் போனார்கள். பெண்கள் மிளகாய் நெடிக்கு முக்காட்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்தார்கள். சைத்தூன் பெரியம்மா நடுவில் காலை நீட்டிக்கொண்டார். ரசியா நடைவாசலில் நின்றாள். உள்ளே போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. குளிப்பாட்டப் பழகலாம். அடுத்தவர் வாயை என்ன செய்ய?

பக்கத்து வீட்டுக்காரிதான் கேட்டாள். "பாவம், ரெண்டு வருசமாச் சீரழிஞ்சுது. உடம்பு எப்படி இருந்துச்சு பெரியம்மா?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் பெரியம்மா. "நாப்பது வருசம் குளிப்பாட்டுனவளைப் படுதாவுக்கு வெளிய உக்கார வச்சால்லா இவ. கனம் தாங்காமக் கடைசியிலதான் கூப்பிட்டா. போய்ப் பிடிச்சேன். பாக்க விட்டாளா? துணியை ஒரு இணுக்கு விலக்கல. துண்டு வேற இறுக்கிக் கட்டி வச்சிருக்கா, பொட்டணம் மாதிரி. ஊரு உலகத்துல இப்படியா குளிப்பாட்டுவாங்க? தண்ணி ஊத்தத் தெரியல. ஆளைப் பிடிக்கத் தெரியல. இதுல பழகியிருக்காளாம், பழகி."

"ஒண்ணுமே பாக்கலையா நீங்க?"

"என்னத்தைப் பாத்தேன். ஒண்ணும் பாக்கலட்டி" என்று பெரியம்மா நடைவாசல் பக்கம் திரும்பி, சத்தமாக, இன்னொரு தடவை சொன்னார். "இவ விட்டாத்தானே பாக்க."

ரசியா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தாள். நாலு மாதமாகப் பயம் அடைத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்து அழுகை வந்தது. ஏட்டி ஜன்னத்து, ஏட்டி ஜன்னத்து என்று வாய்விட்டு அழுதாள்.

"பாத்தீங்களா, அழுகைகூட இவளுக்கு இப்பத்தான் வருது" என்று சைத்தூன் பெரியம்மா அதையும் குறையோடு சேர்த்துக்கொண்டார்.